விலை இறங்கும், கடன் இறங்காது



வளைகுடா நாட்டில் உழைத்த பணத்தைப் பலர் திருவனந்தபுரத்தில் அடுக்குமாடி வீடு வாங்கப் போடுகிறார்கள். விலை ஏறிக்கொண்டே போகும் என்று நம்புகிறார்கள். எப்போதும் அப்படி நடக்குமா? நடக்காது.

சந்தையில் வாழைக்குலை குவிந்தால் என்ன ஆகும்? விலை இறங்கும். வீடும் அப்படித்தான். வாங்க ஆள் குறைந்து, கட்டிய வீடுகள் பூட்டிக் கிடந்தால் விலை சரியும். அமெரிக்காவில் 2008-இல் இதுதான் நடந்தது. தவணை கட்ட முடியாமல் லட்சக்கணக்கானோர் வீட்டை இழந்தார்கள்.

ஒரு கணக்குப் பாருங்கள். வீட்டின் விலை 40 லட்சம். கையிலிருந்து போட்டது 8 லட்சம். வங்கிக் கடன் 32 லட்சம். வாங்கியதும் விலை 30 லட்சமாக இறங்கினால்? வீட்டை விற்றாலும் கடன் தீராது. இன்னும் 2 லட்சம் கட்ட வேண்டும். போட்ட 8 லட்சமும் போச்சு!

நம்மைக் காக்க 2016-இல் ஒரு சட்டம் வந்தது. ரேரா என்பார்கள். பெரிய அடுக்குமாடிகளை ரேராவில் பதிவு செய்யாமல் விற்கக்கூடாது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது.

நாம் எழுதப் படிக்கக் கற்றவர்கள். பதிவு எண்ணைக் கேளுங்கள். ஒப்பந்தத்தைப் படியுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.