பட்டியலில் பெயர் இல்லாதவனுக்கு வாக்கு ஏது?



வாக்குரிமை பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். நான் நாடாளுமன்றத் தேர்தலிலிருந்து தொடங்கப் போவதில்லை. இணையத்தை நிர்வகிக்க உலக அளவில் நடந்த ஒரு தேர்தலிலிருந்து தொடங்குகிறேன். அப்படி ஒரு தேர்தல் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியாது. தெரியாமல் போனதும் இந்தக் கதையின் ஒரு பகுதிதான்.

நீங்கள் தட்டும் ஒவ்வொரு இணைய முகவரியின் முடிவிலும் டாட் காம், டாட் மை, டாட் எஸ்ஜி என்று ஒரு வால் இருக்கும். எந்த வால் இருக்கலாம், அதை யார் நடத்தலாம் என்று ஒழுங்கு செய்யும் அமைப்பின் பெயர் ஐகான். 1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்டது. உலகத்தின் பொதுச் சொத்தை ஒரு சிலர் கையில் விடலாமா என்று அப்போதே கேள்வி எழுந்தது. அதற்குப் பதிலாக ஒரு வாக்குறுதி தந்தார்கள். இயக்குநர் குழுவின் 19 இடங்களில் 9 இடங்கள் சாதாரண இணையப் பயனாளர்களுக்கு என்றார்கள்.

2000ஆம் ஆண்டில் அந்த 9இல் 5 இடங்களுக்கு மட்டும் தேர்தல் வைத்தார்கள். ஆப்பிரிக்கா, ஆசியா பசிபிக், ஐரோப்பா, லத்தீன் அமெரிக்கா, வட அமெரிக்கா என வட்டாரத்துக்கு ஓர் இடம். 16 வயது நிரம்பிய, மின்னஞ்சலும் தபால் முகவரியும் உள்ள எவரும் வாக்காளர் ஆகலாம். கட்டணம் கிடையாது. கேட்க இனிமையாக இருக்கிறதல்லவா?

இப்போது உங்களை அந்த ஆண்டில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டில் கணினி இல்லை. பட்டணத்துக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு சைபர் கபேயில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்புகிறீர்கள். ஜூலை 31 கடைசி நாள். கடைசி வாரங்களில் கூட்டம் தாங்காமல் ஐகானின் பதிவுக் கணினி திணறியது. பலர் திரும்பத் திரும்ப முயன்றும் உள்ளே நுழைய முடியவில்லை. நீங்கள் எப்படியோ நுழைந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மின்னஞ்சலில் உறுப்பினர் எண்ணும் கடவுச்சொல்லும் வரும். அதோடு முடிந்ததா? இல்லை. ஓர் இரகசிய எண் தபாலில் வர வேண்டும். அந்த எண்ணுடன் மறுபடியும் இணையத்துக்குப் போய் உங்கள் உறுப்பியத்தை உறுதி செய்ய வேண்டும். அதற்கும் ஒரு கெடு உண்டு.

லயத்து வீட்டுக்குத் தபால் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். தோட்ட ஆபீசுக்கு வரும். கிராணி பார்த்துக் கொடுத்தால் உண்டு. வெளிநாட்டுக் கடிதம் கைக்கு வந்து சேர எத்தனை நாள்? அதற்குள் கெடு முடிந்திருந்தால் உங்கள் வாக்கு போய்விட்டது. உங்களுக்கு உரிமை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. கடிதம் வரவில்லை, அவ்வளவுதான்.

இது வெறும் கற்பனை என்று நினைக்க வேண்டாம். கணக்கைப் பாருங்கள். உலகம் முழுவதும் பதிவு செய்தவர்கள் 158,593 பேர். உறுதி செய்தவர்கள் 76,183 பேர். அக்டோபர் மாதம் வாக்களித்தவர்கள் 34,035 பேர். நம் ஆசியா பசிபிக் வட்டாரத்தில் 93,782 பேர் பதிந்தார்கள். 38,246 பேர்தான் உறுதி செய்தார்கள். வாக்களித்தவர்கள் 17,745 பேர். ஆப்பிரிக்காவில் பதிந்தவர்களே 787 பேர். அவர்களில் உறுதி செய்தவர்கள் 315 பேர், வாக்களித்தவர்கள் 130 பேர். ஒரு கண்டத்தின் பிரதிநிதியை 130 பேர் தேர்ந்தெடுத்தார்கள்!

ஐரோப்பாவில் பதிந்த நூறு பேரில் 65 பேர் உறுதி செய்தார்கள். ஆசியாவில் 41 பேர். ஆப்பிரிக்காவில் 40 பேர். ஆர்வம் குறைந்து விலகியவர்களும் இருந்திருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் கடிதமே வரவில்லை என்ற புகார் அப்போதே பரவலாக எழுந்தது. எல்லாருக்கும் ஒரே விதிதான். நிலையான முகவரியும் ஒழுங்கான தபாலும் வீட்டில் கணினியும் உள்ளவனுக்கு அந்த விதி படிக்கட்டு. மற்றவனுக்கு அதுவே சுவர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆசியாவில் ஜப்பான், சீனா, தைவான், கொரியா ஆகிய இடங்களில் ஆட்களைத் திரட்டிப் பதியவைத்தார்கள். வென்றவர் ஜப்பானின் புஜித்சு நிறுவனத்தைச் சேர்ந்த மசனோபு கத்தோ. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் திரண்டார்கள், நாம் திரளவில்லை.

சரி, பதிவில் குறை என்றால் பதிவைத்தானே திருத்த வேண்டும்? ஐகான் என்ன செய்தது தெரியுமா? 2002இல் நேரடித் தேர்தலையே கைவிட்டது. உலகம் முழுவதும் வாக்காளர்களைச் சரிபார்ப்பது கடினம், ஒரு கூட்டம் தேர்தலைக் கைப்பற்றிவிடலாம் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அதே ஆண்டில்தான் வட அமெரிக்காவில் தேர்ந்தெடுக்கப்பட்ட கார்ல் அவர்பாக் என்ற இயக்குநர், அமைப்பின் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமைக்காக நீதிமன்றம் சென்று வென்றார். மக்கள் வாக்கில் வந்தவர் மக்களுக்காகக் கேள்வி கேட்பார். அதனால்தான் அந்த வாக்கு நமக்கு முக்கியம்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? 2007இல் ஐகான் பிறமொழி முகவரிகளைச் சோதித்தபோது 11 மொழிகளில் தமிழும் ஒன்று. இன்று சிங்கப்பூருக்கு டாட் சிங்கப்பூர் என்று தமிழிலேயே ஒரு வால் உண்டு. மலேசியாவுக்கு ஜாவி எழுத்தில் உண்டு, தமிழில் இல்லை. இப்படிப்பட்ட முடிவுகள் எடுக்கப்படும் மேசையில் நமக்காகப் பேச யாராவது இருக்கிறார்களா?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 2021 டிசம்பர் 15 முதல் மலேசியாவில் 18 வயதானால் வாக்காளர் பதிவு தானாக நடக்கிறது. 2018 பொதுத் தேர்தலில் சுமார் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் தொகை 2022இல் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது. பாரத்தில் இருந்த சுவர் இடிந்தது. இது பெரிய வெற்றி.

ஆனால் தானியங்கிப் பதிவு யாரைப் பார்க்கிறது? தேசியப் பதிவிலாகாவில் குடிமகன் என்று பெயர் உள்ளவனை மட்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளையையும், இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தும் சிவப்பு அடையாள கார்டோடு முதுமை அடைந்த பாட்டியையும் அந்தக் கணினிக்குத் தெரியாது. உங்கள் தொகுதியும் மைகார்டு முகவரியைப் பார்த்துத்தான் முடிவாகிறது. தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, நீங்கள் அடுக்குமாடிக்குக் குடிபோய்ப் பல வருடம் ஆகியிருக்கலாம். மைகார்டில் பழைய தோட்டத்து முகவரியே இருந்தால் உங்கள் வாக்கு இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

அதனால் மூன்று வேலைகள். இன்றிரவே தேர்தல் ஆணையத்தின் பட்டியலில் உங்கள் பெயரையும் தொகுதியையும் பாருங்கள். மைகார்டு முகவரி தவறென்றால் தேர்தல் அறிவிப்புக்குக் காத்திராமல் இப்போதே மாற்றுங்கள். இது முதல் வேலை. உங்கள் தெருவில் பத்திரம் இல்லாத பிள்ளை ஒன்று இருந்தால் பெற்றோருடன் நீங்களும் பதிவிலாகாவுக்குப் போங்கள். ஒரு முறை திருப்பி அனுப்பினால் மறுமுறை போங்கள். இது இரண்டாவது. ஐகானில் இன்று பயனாளர்களின் பிரதிநிதியாக இயக்குநர் குழுவில் ஓர் இடம் இருக்கிறது, வட்டார அமைப்புகளும் இருக்கின்றன. கணினி தெரிந்த இளைஞர்களே, நம் சங்கங்களை ஆசியா பசிபிக் அமைப்பில் உறுப்பினராக்குங்கள். இது மூன்றாவது.

உரிமை பறிபோகும்போது எப்போதும் சத்தம் கேட்பதில்லை. வராத கடிதமாகவும் மாறாத முகவரியாகவும் அது போய்விடுகிறது. தேர்தல் நாளன்று விழித்துப் பயனில்லை. பட்டியல் தயாராகும் நாளில் விழித்திருப்போம்.