நூலகமும் வலைப்பூவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நூலகக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் பாட்டுக்கும் நாடகத்துக்கும் நடுவே நூலகத்தைப் பற்றிப் பேச எழுவது, விருந்தில் பாயசம் பரிமாறும் வேளையில் கணக்கேட்டை விரிப்பது போன்றதாகும். ஆயினும் கணக்கைக் காட்ட வேண்டிய கடமை எங்களுக்கு உண்டு. வலைப்பூ, முகநூல், வாட்ஸ்அப் குழு ஆகிய புதுக் கருவிகளை நம் நூலகத்தில் நாங்கள் கையாண்டோம். அவற்றால் நேர்ந்த நன்மையையும், எங்கள் பிழையால் நேர்ந்த தீமையையும் ஒளிக்காமல் உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

இப்பொருளைப் பேசுவதற்குப் பெங்களூரினும் தகுந்த ஊர் வேறு உளதோ? சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்த அரங்கநாதன் அவர்கள், கணிதம் கற்பித்து வந்த நிலையில் 1924-இல் சென்னைப் பல்கலைக் கழக நூலகரானார். 1931-இல் நூலக இயலின் ஐந்து விதிகளையும், 1933-இல் கோலன் பகுப்பு முறையையும் நூலாக்கி உலகுக்கு அளித்தார். தம் வாழ்வின் பிற்பகுதியை அவர் கழித்தது இந்நகரத்திலேதான். ஆவணப் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் உரிய மையத்தை 1962-இல் அவர் நிறுவியதும் இங்கேதான். 1972 செப்டம்பர் 27 அன்று அவர் மறைந்ததும் இங்கேதான். தமிழகத்திலிருந்து புறப்பட்டு வந்து, வந்த ஊருக்குத் தம் அறிவை ஈந்து சென்றவர் அவர். நம்மைப் போன்றோருக்கு இதனினும் நல்ல வழிகாட்டி வேண்டுவதில்லை.

அவருடைய ஐந்து விதிகளின் கருத்தை எளிமையாகச் சொல்லலாம். நூல் அலமாரியில் உறங்குவதற்கன்று, பயன்படுவதற்கே உரியது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கேற்ற நூல் கிட்ட வேண்டும். ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரைச் சென்றடைய வேண்டும். வாசகரின் பொழுது வீணாதல் கூடாது. இறுதியாக, நூலகம் என்பது கட்டி முடித்த கட்டடமன்று. வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர்.

விதிகள் வெளிவந்த அதே 1931-ஆம் ஆண்டில் மன்னார்குடியில் ஒரு புதுமை நிகழ்ந்தது. கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டு வண்டி ஒன்றில் நூல்களை ஏற்றிச் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். வாசகர் நூலகத்துக்கு வர இயலாதபோது நூலகம் வாசகரிடம் செல்ல வேண்டும் என்பதே அதன் உட்பொருள். அந்நாளில் மாட்டு வண்டி, இந்நாளில் கைப்பேசி. வாகனம் மாறியது, போகும் ஊர் மாறவில்லை.

நம் நிலையையும் எண்ணிப் பாருங்கள். இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, தொலைபேசித் தொழிற்சாலை, பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஆகியவற்றில் பணியாற்ற வந்த தலைமுறையினர் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் சீராமபுரத்திலும் தமிழ் நூல்களைத் தேடி நடந்தே வந்தனர். இன்று கணினித் தொழிலுக்கு வந்த இளைஞர் ஒயிட்பீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் வாழ்கின்றனர். ஒரு நாவலை இரவல் பெற்றுச் செல்ல அவர் சாலையில் செலவிடும் நேரத்தில் அந்நாவலில் பாதியைப் படித்து முடித்து விடலாம்! வாசகரின் பொழுதைக் காக்க வேண்டும் என்னும் விதி இங்கே நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது.

இக்கேள்விக்கு உலகம் கண்ட விடைகளுள் ஒன்று வலைப்பூ. 1999-இல் கட்டணமின்றி வலைப்பூ அமைத்துத் தரும் சேவைகள் தோன்றின. அச்சுக்கூடம் இல்லாதவனும் தன் எழுத்தை ஊரறியச் செய்யலாம் என்றாயிற்று. 2003 முதல் தமிழர் பலர் உலகெங்குமிருந்து தமிழில் வலைப்பூ எழுதலாயினர். சிதறிக் கிடந்த அவ்வெழுத்துக்களை ஓரிடத்தில் திரட்டிக் காட்டத் தமிழ்மணம் என்னும் தளம் 2004-இல் எழுந்தது. அதற்கும் முன்னரே, 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், ஒருவரை ஒருவர் நேரில் காணாத தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டும் பிழை திருத்தியும் இணையத்தில் ஏற்றத் தொடங்கியிருந்தனர். கூடி உழைக்கும் கூட்டுறவே இக்கருவிகளின் உயிர் என்பதை அவர்கள் மெய்ப்பித்தனர்.

மேலை நாட்டு நூலகங்களும் வாளா இருக்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2008 சனவரியில் ஏறத்தாழ 3,000 பழம் புகைப்படங்களைப் பிளிக்கர் என்னும் தளத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. படங்களைக் கண்டோர், இவர் இன்னார், இவ்விடம் இன்னது என்று எழுதினர். நூலகத்தார் அவற்றைச் சரிபார்த்துத் தங்கள் பட்டியலையே திருத்திக்கொண்டனர். நூலகர் சொல்ல வாசகர் கேட்பது என்ற பழைய முறை மாறி, வாசகர் சொல்ல நூலகர் கேட்கும் காலமும் வந்தது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இவற்றைக் கண்டு நாங்களும் ஒரு வலைப்பூ தொடங்கினோம். வாரம் ஒரு நூலைப் பற்றி அரைப் பக்கம் எழுதினோம். பல ஆண்டுகளாக யாரும் தீண்டாத நூல்கள் இரவல் போயின. மொழிபெயர்ப்பாளரின் பெயர் தேய்ந்து போயிருந்த ஒரு கன்னட நாவலின் தமிழாக்கத்தைக் குறித்து எழுதியபோது, முன்பின் அறியாத அன்பர் ஒருவர் தம்மிடமுள்ள படியைப் பார்த்து அப்பெயரைத் தெரிவித்தார். அன்று நாங்கள் அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று.

ஆனால் அவ்வலைப்பூ இரண்டாண்டுகளில் வாடிற்று. எழுதியவர் ஒருவரே, கடவுச்சொல்லை அறிந்தவரும் அவர் ஒருவரே. அவர் வேலை மாறி வெளிநாடு சென்றார். அவர் பயன்படுத்திய மின்னஞ்சலும் பழைய அலுவலகத்தோடு போயிற்று. இன்றும் அப்பக்கம் இணையத்தில் இருக்கிறது. ஆனால் அதைத் திறக்கும் சாவி எவரிடமும் இல்லை. குற்றம் கருவியுடையதன்று, ஒருவர் தோளிலேயே முழுச் சுமையையும் ஏற்றி வைத்த எங்களுடையது.

பிறகு வாட்ஸ்அப் குழு வந்தது. நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் காலமானார். தமிழ் படிக்கத் தெரியாத அவருடைய பேரன், வீட்டைக் காலி செய்யும்போது பரணில் கிடந்த கட்டுகளைப் படமெடுத்துக் குழுவில் இட்டு, “இவை வேண்டுமா?” என்று கேட்டார். வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து, ஓவியங்களோடு பைண்டு செய்து வைத்த தொகுதிகள் அவை. அன்று மாலையே இருவர் சென்று கொணர்ந்தனர். பின்னாளில் நூலாக வந்தபோது இடம்பெறாத ஓவியங்கள் அவற்றில் இருந்தன.

இஃது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் கேளுங்கள். சில மாதங்களுக்குப் பின் வேறொரு குடும்பத்திலிருந்து அதே போன்ற செய்தி வந்தது. பண்டிகை நாள், வாழ்த்துப் படங்கள் நூற்றுக்கணக்கில் குவிந்தன, செய்தி அவற்றின் அடியில் புதைந்தது. நாங்கள் பத்து நாள் கழித்துக் கண்டு தொலைபேசியில் அழைத்தபோது, கட்டுகள் பழைய பேப்பர்க் கடைக்குப் போய்விட்டன என்றார் அந்த அம்மையார். “ஒருவரும் பதில் சொல்லவில்லையே, வேண்டாம் போலும் என்று நினைத்தோம்” என்று அவர் கூறியது இன்னும் எங்கள் காதில் ஒலிக்கிறது. வாட்ஸ்அப் குழு வேகமாக ஓடும் ஆறு. அதில் நீராடலாம், நீரைத் தேக்கி வைக்க முடியாது. தேக்கி வைக்க ஏரி வேண்டும். நூலகத்துக்கு அந்த ஏரி, பதிவேடும் பட்டியலுமே ஆகும்.

இனிக் கூறப் போவது எங்களுக்கு வெட்கம் தருவது. நூல்களைத் திருப்பித் தராதோர் பட்டியலை, நூலின் பெயரோடும் வாசகரின் பெயரோடும் ஒருமுறை குழுவில் வெளியிட்டோம். பலர் உடனே நூல்களைத் திருப்பினர், நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் பட்டியலில் இருந்த பெண்மணி ஒருவர் எடுத்துச் சென்றிருந்தது மணமுறிவுச் சட்டத்தைப் பற்றிய நூல். அவர் நூலைப் பிறர் கையில் கொடுத்தனுப்பினார். அதன்பின் நூலகத்தின் படி ஏறவில்லை. எங்களிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்களிடம் விடையும் இல்லை.

ஒருவர் எதைப் படிக்கிறார் என்பது அவருக்கும் நூலகத்துக்கும் இடையே உள்ள நம்பிக்கை. மருத்துவர் நோயாளியின் நோயைத் தெருவில் கூறுவாரோ? பழைய இரவல் பதிவேடு மேசை இழுப்பறையில் பூட்டப்பட்டிருந்தது. புதுக் கருவி வந்த மயக்கத்தில் அப்பூட்டை நாங்களே உடைத்தோம். அந்த அம்மையாரிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் தேநீர் அளித்து உபசரித்தார். திரும்பி மட்டும் வரவில்லை.

மற்றோர் உண்மையையும் மறத்தல் கூடாது. இத்தளங்கள் நம்முடையவை அல்ல. கோடிக்கணக்கானோர் பக்கங்கள் அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் அமெரிக்காவில் 2009-இல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019-இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. ட்விட்டரின் பொதுப் பதிவுகள் அனைத்தையும் சேமிப்பதாக 2010-இல் அறிவித்த அமெரிக்க நாடாளுமன்ற நூலகமே, 2018 தொடக்கம் முதல் தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் சேமிப்பதென்று மாற்றிக்கொண்டது. பெருநூலகத்துக்கே அந்நிலை என்றால் சிறுநூலகம் எம்மாத்திரம்!

1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. அத்துயரை அறிந்த தமிழ்ச் சமுதாயத்தின் தன்னார்வலர்கள் 2005-இல் நூலகம் என்னும் மின்னூலகத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்துக் காத்து வருகின்றனர். ஓரிடத்தில் மட்டும் இருப்பது ஒரு நாளில் இல்லாமற் போகலாம் என்பதே அவ்வரலாறு புகட்டும் பாடம். அஃது அலமாரிக்கும் பொருந்தும், இணையத்துக்கும் பொருந்தும்.

ஆகவே எங்கள் குழு நான்கு முடிவுகள் செய்திருக்கிறது. முதலாவது, வலைப்பூ மீண்டும் தொடங்கும். அதன் சாவி மூவரிடம் இருக்கும், சங்கத்தின் மின்னஞ்சலில் இருக்கும். இரண்டாவது, அதில் வெளிவரும் ஒவ்வொன்றும் ஆண்டுக்கொருமுறை அச்சிட்டுப் பைண்டு செய்யப்பட்டு நம் அலமாரியில் வைக்கப்படும். மூன்றாவது, நூல் தருவோர்க்கெனத் தனி எண்ணும் தனிப் பதிவேடும் இருக்கும். செய்தி வந்த மறுநாளே மறுமொழி செல்லும். நான்காவது, எந்த வாசகரின் பெயரும் அவர் படிக்கும் நூலோடு சேர்த்து எங்கும் வெளியிடப்பட மாட்டாது. தவணை கடந்த நூலை அவரிடம் மட்டும் தனியே கேட்போம்.

இளைஞர்களே! உங்களிடம் நாங்கள் வேண்டுவது பொருளன்று. திங்களுக்கு இரண்டு மணி நேரம் தாருங்கள். கருவியைக் கையாள நீங்கள் அறிவீர்கள். எந்த நூல் எங்கே இருக்கிறது என்பதை இங்கு அமர்ந்திருக்கும் முதியோர் அறிவர். அவர்கள் நினைவும் உங்கள் விரலும் ஒன்று சேருமாயின் அலமாரியில் உறங்கும் நூல்கள் எழுந்து நடக்கும். தாய்மார்களே, பெரியோர்களே! வீட்டுப் பரணில் கட்டுகள் இருப்பின் எடைக்குப் போடுமுன் எங்களுக்கு ஒரு சொல் சொல்லுங்கள். இம்முறை பதில் வரும்.

அந்த அம்மையார் இவ்வுரையைக் கேட்க வந்திருக்கிறாரா என்று அறியோம். ஆண்டு மலரிலாவது படிக்கக் கூடும். அம்மா, பதிவேடு மீண்டும் இழுப்பறைக்குள் பூட்டப்பட்டுவிட்டது. உங்கள் உறுப்பினர் அட்டை அப்படியே இருக்கிறது. எப்போது வந்தாலும் வருக.