சிரிப்பதோடு கடமை தீருமா?

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. நானோ தொலைபேசியைப் பற்றிப் பேச வந்துள்ளேன். பொறுத்தருள வேண்டுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நண்பகலில், உணவுக்கு அமர்ந்த வேளையில் கைப்பேசி ஒலித்தது. "மும்பைப் போலீஸ் பேசுகிறோம். நீங்கள் தைவானுக்கு அனுப்பிய பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது" என்றது ஒரு குரல். பெருங்கடவிளையிலிருந்து பாறசாலைக்குக்கூட ஒரு பார்சல் அனுப்பியறியாதவன் நான். "என் பெயர் என்ன, சொல்லுங்கள்" என்றேன். அவர் சொன்னது வேறு எவருடைய பெயரோ! போதாக்குறைக்கு, அந்தப் 'போலீஸ் நிலைய'த்தில் ஒரு சேவல் கூவிற்று.

அன்று மாலை சாயாக்கடையில் இதனை நடித்தே காட்டினேன். "இதையும் நம்புகிற முட்டாள் உண்டா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தனர். மூலையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

பதினொரு நாள் கழித்தே எனக்கு உண்மை தெரிந்தது. அவருடைய மகன் வளைகுடா நாட்டில் இருக்கிறான். "உங்கள் மகன் வழக்கில் சிக்கிவிட்டான்; உடனே பணம் அனுப்பினால் விடுவிப்போம்" என்று அவருக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது. நான் நடித்துக் காட்டியதற்கு முந்தைய நாள்தான் அவர் நாற்பதாயிரம் ரூபாய் அனுப்பியிருந்தார். "ஏன் ஐயா, எங்களிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "சொன்னால் சிரிப்பீர்களே, தம்பி" என்றார். அச்சொல் என்னைச் சுட்டது; இன்றும் சுடுகிறது.

அன்பர்களே! இந்த அழைப்புகள் ஏன் இவ்வளவு அரைகுறையாக இருக்கின்றன? மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆய்வாளர் கார்மாக் ஹெர்லி 2012இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். நைஜீரியாவிலிருந்து பெருஞ்செல்வம் வருவதாக எழுதப்படும் மோசடிக் கடிதங்களை அவர் எடுத்துக்கொண்டார். ஏமாற்றுவோனுக்குக் கடிதம் அனுப்புவதில் செலவில்லை. மறுமொழி தருவோரிடம் நாட்கணக்கில் பேசி மசியவைப்பதிலேதான் செலவு. ஆதலின், ஐயுறுவோர் முதல் வரியிலேயே சிரித்து விலகுவது அவனுக்கு ஆதாயம் என்பது ஹெர்லியின் வாதம். நம் தாய்மார்கள் முறத்தில் புடைப்பதைப் போல அவன் மனிதரைப் புடைக்கிறான். நீங்களும் நானும் அவனுக்குப் பதர். அஞ்சியவரும் தனித்திருப்பவருமே அவன் தேடும் மணி.

யாரை அழைக்கிறோம் என்பதைக்கூட அவன் பார்ப்பதில்லை. 2024 நவம்பரில் திருச்சூர் நகரப் போலீசின் சைபர் பிரிவுக்கே ஒரு போலிப் போலீஸ்காரன் வீடியோ அழைப்பில் வந்து அகப்பட்டுக்கொண்டான். நாடே அதனைக் கண்டு சிரித்தது. ஆயினும் அதே 2024ஆம் ஆண்டில் இந்திய மக்கள் இணையவழி மோசடிகளில் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசே நாடாளுமன்றத்தில் கூறியிருக்கிறது.

நம்மவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. 1956 நவம்பர் 1ஆம் நாள் எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தைச் சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இந்த எல்லையோரத்தில் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசி நாம் வாழ்கிறோம். இந்தியிலோ ஆங்கிலத்திலோ ஓர் அதட்டல் வந்தால், பொருள் பாதி விளங்குமுன் அச்சம் முழுதும் வந்துவிடுகிறது.

அஞ்ச வேண்டியதில்லை. தொலைபேசியில் ஒருவரைக் கைது செய்யும் சட்டம் நம் நாட்டில் இல்லை. 'டிஜிட்டல் கைது' என்பது வெறும் பொய் என்று 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலியில் எச்சரித்தார். மகனைப் பற்றி எவரேனும் சொன்னால், இணைப்பைத் துண்டித்துவிட்டு மகனையே அழையுங்கள். ஓ.டி.பி. எண்ணை எவருக்கும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டதெனில் உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அது வெளியே எடுக்கப்படுமுன் தகவல் சென்றால் வங்கிகள் அதனை நிறுத்திவைக்க வழியுண்டு. இங்கே ஒவ்வொரு மணி நேரமும் பணம். நம் பெரியவர் இழந்ததோ பதினொரு நாள்! அதில் என் சிரிப்புக்கும் பங்குண்டு.

ஆகவே ஒரு வேண்டுகோள். இத்தகைய அழைப்பு வந்தால் சிரியுங்கள். அழைத்தவனைப் பார்த்துச் சிரியுங்கள். ஏமாந்தவரைப் பார்த்துச் சிரியாதீர்கள். அன்று மாலையே காலனியில் தனித்திருக்கும் முதியோர் வீட்டுக்குச் சென்று, "எனக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தது, உங்களுக்கும் வந்ததா?" என்று கேளுங்கள். ஊரைவிட்டு வந்த நமக்கு உறவு என்பது பக்கத்து வீடுதானே? வெட்கமின்றி வந்து சொல்லக்கூடிய ஓர் இடமாக நம் சங்கம் இருக்குமானால், அதுவே இந்த ஆண்டு விழாவின் பயன்.

அந்தப் பெரியவர் இன்று இவ்வவையில் அமர்ந்திருக்கிறார். இதனைப் பேசுமாறு என்னைப் பணித்தவரும் அவரே. அவருக்கு என் வணக்கம்.