கண்ணும் கையும்

(ஆலைத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆலையிலே ஆபத்து வருகிறது என்பதை முதலில் அறிபவர் யார்? மேசையருகே அமர்ந்து கணக்கைப் பார்ப்பவரல்லர். குழாயின் கசிவைத் தன் கண்ணெரிச்சலால் உணர்கிறானே, அந்தத் தொழிலாளி! ஆனால், ஆலையை நிறுத்தும் அதிகாரமோ நிர்வாகத்தின் கையில். கண் ஒருவரிடம், கை மற்றவரிடம்! இரண்டும் இணையாவிடில் என்ன நேரும்? போபாலைக் கேளுங்கள், சொல்லும்.

அங்கே யூனியன் கார்பைடு ஆலையில், 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் நச்சுவாயு தாக்கித் தொழிலாளி ஒருவர் மாண்டார். 1982-இல் தொழிற்சங்கத்தார் சுவரொட்டிகள் மூலம் எச்சரித்தனர். சுவரில் ஒட்டியது, செவியில் எட்டவில்லை! 1984 ஜூனில் நச்சுத் திரவத்தைக் குளிர்விக்கும் இயந்திரம் நிறுத்தப்பட்டது. வெளியேறும் வாயுவை எரித்தழிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய், பழுதுபார்க்கக் கழற்றப்பட்டுக் கிடந்தது. டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவு கடந்தபோது, தண்ணீர் புகுந்த தொட்டி குமுறிற்று. உறங்கிய நகரின்மீது நஞ்சு படர்ந்தது. ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர்.

பிணங்கள் வீழ்ந்த பிறகே சட்டம் எழுந்தது! 1987-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான ஆலைகளில், நிர்வாகத்தினரும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு வந்தது. உயிருக்கு உடனடி ஆபத்தென அஞ்சும் தொழிலாளிக்கு, அதை அறிவிக்கும் உரிமை வந்தது. ஆபத்து உண்டெனக் கண்டால், மேலாளர் உடனே களையவேண்டும்; இல்லையென்று கருதினாலும், அவரே தள்ளிவிட முடியாது, ஆய்வாளரின் முடிவுக்கு அனுப்பவேண்டும் என்று விதித்தனர். 2020-இல் இயற்றப்பட்ட தொகுப்புச் சட்டத்திலும் பாதுகாப்புக் குழுவுக்கு இடமுண்டு.

“நிர்வாகத்தோடு ஒத்துழைப்பதா? அப்படியானால் போராட்டம்?” என்று கேட்பீர்கள். கூலிக்காக எதிரெதிரே அமர்வோம். உயிருக்காக அருகருகே அமர்வோம். அருகே அமர்வது அடிபணிவதன்று!

நாடகம் எழுதுபவன் நான். மேடையிலே வேலேந்தி நிற்கும் காவலனுக்கு வசனமே இராது. திரை விழுந்ததும் போய்விடுவான். பாதுகாப்புக் குழுவில் நம் தோழர் அந்தக் காவலனாக நிற்கலாகாது! கண்ட குறையைக் கூறுங்கள். குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். அடுத்த கூட்டத்தில், “என்ன ஆயிற்று?” என்று கேளுங்கள்.

மேலாளர்களுக்கும் ஒரு சொல்: குறையைச் சுட்டுபவன் பகைவனல்லன், உங்கள் உயிரையும் காப்பவன். நச்சுக்காற்று பதவி பார்த்து வீசுவதில்லை!

ஒத்துழைப்பென்பது தலையாட்டுவதன்று, தோழர்களே, தலை காப்பது!