பழைய கேமராவுக்குப் புது பேட்டரி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பெரிய விஷயம் எதுவும் பேச வரவில்லை. சட்டைப் பொத்தான் அளவுள்ள ஒரு சமாச்சாரம்தான். நம்மில் பலர் வீட்டு பீரோவில் அப்பாவோ பெரியப்பாவோ வாங்கிய ஃபிலிம் கேமரா தூங்கிக்கொண்டிருக்கும். மினோல்டா எஸ்.ஆர்.டி. 101, ஒலிம்பஸ் ஓ.எம்.-1 என்று ஏதாவது ஒன்று. கடையில் கேட்டால், "இதுக்கு பேட்டரி வர்றதில்லை சார், ஷோகேஸ்ல வச்சுடுங்க" என்பார்கள். அவசரப்படாதீர்கள். இந்தக் கேமராக்களில் ஷட்டர் பேட்டரி இல்லாமலே இயங்கும். பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான்.

அதற்குப் போட்டது பி.எக்ஸ். 625 என்ற பாதரச பேட்டரி, 1.35 வோல்ட். தீரும் வரை வோல்டேஜ் இறங்காது. அதை நம்பியே மீட்டரை அமைத்துவிட்டார்கள்.

அது ஏன் நின்றது? ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவுப் பாதரசம் மீன் வழியாக மக்களின் நரம்பைத் தாக்கியது 1956-ல் தெரியவந்தது. அமெரிக்கா 1996-ல் பாதரச பட்டன் பேட்டரி விற்பனையைத் தடை செய்தது. 2013-ல் அந்த ஊர்ப் பெயரிலேயே உலக உடன்படிக்கை வந்து, 2017-ல் அமலானது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடிய பிறகும் பாதரசப் பிரச்சினை ஓயாததை நாமே பார்த்தோம். ஆகவே அந்த பேட்டரி போனது நல்லதுக்கே. வருத்தப்பட வேண்டாம், மாற்று தேடுவோம்.

சுலபமாகக் கிடைப்பது அதே அளவுள்ள அல்கலைன் பேட்டரி. பொருந்திவிட்டதே என்று ஏமாறாதீர்கள். புதிதில் 1.5 வோல்ட், பிறகு இறங்கிக்கொண்டே போகும். வோல்டேஜ் கூடினால் முள் கூடுதலாக நகரும். வெளிச்சம் அதிகம் என்று மீட்டர் பொய் சொல்லும். படம் இருட்டாக விழும். பேட்டரி இறங்கிய பிறகு பிழை எதிர்ப்பக்கம் திரும்பும். இன்று ஃபிலிம் விற்கிற விலையில் 36 படமும் வீணானால் வயிறு எரியும் அல்லவா?

என் சிபாரிசு, காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் ஜிங்க்-ஏர் பேட்டரி. 1.4 வோல்ட், சீராக நிற்கும். ஸ்டிக்கரை உரித்து ஐந்து நிமிடம் காற்றுப் படவிட்டு, பிறகு போடுங்கள். துளைகளை அடைக்காதீர்கள். விட்டம் சிறியது, சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் போட்டால் ஆடாமல் உட்காரும். ஒரே குறை, உரித்துவிட்டால் பயன்படுத்தாவிட்டாலும் சில வாரங்களிலோ ஓரிரு மாதங்களிலோ தீர்ந்துவிடும்.

நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் எஸ்.ஆர். 44 சில்வர் ஆக்சைடு. அது 1.55 வோல்ட். இடையில் ஒரு ஷாட்கி டயோடு வைத்தால் ஏறக்குறைய 0.2 வோல்ட் குறையும். டயோடு வைத்த அடாப்டரே விற்கிறார்கள். இயற்பியல் மாணவர்களே, இது உங்கள் லேபிலேயே செய்யக்கூடிய வேலை!

எல்லாக் கேமராவுக்கும் இந்தத் தலைவலி இல்லை. பெண்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கில் பிரிட்ஜ் சர்க்யூட் இருப்பதால் சற்றே கூடிய வோல்டேஜ் அதைப் பாதிக்காது. அக்ஃபா க்ளிக் III-க்கு பேட்டரியே கிடையாது.

எதைப் போட்டாலும் சோதித்துப் பாருங்கள். நல்ல உச்சி வெயிலில், 100 ஏ.எஸ்.ஏ. வைத்து, 1/125 விநாடிக்கு மீட்டர் எஃப் 16-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் தைரியமாக ஃபிலிம் போடலாம்.

கடைசியாக ஒன்று. கேமராவுக்குள் பழைய பாதரச பேட்டரி இருந்தால் குப்பையில் வீசாதீர்கள். மூடிபோட்ட பாட்டிலில் வைத்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் பாதுகாத்து, மின்கழிவு சேகரிப்பவரிடம் சேருங்கள். பெரியவர்கள் விட்டுப்போன கேமரா நமக்கு வேண்டும். அந்த விஷம் நம் மண்ணுக்கு வேண்டாம்.