ஆசிரியர் பணியும் ஊரார் பொறுப்பும்

(இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் பள்ளி மேலாண்மைக் குழுவினர் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



ஊர் முன்னேற்றம் என்றால் கிணறு, சாலை, விளக்கு ஆகியவற்றை முதலில் எண்ணுவது நம் வழக்கம். இவை கண்ணுக்குத் தெரிவன; அளந்து, பட்டியல் எழுதி, கணக்கு முடிக்கத் தக்கன. ஆனால் ஓர் ஊரின் ஆசிரியர் காலையில் எத்தகைய அறைக்குள் நுழைகிறார், பகல் முழுவதும் என்னென்ன வேலைகளைச் செய்கிறார், மாலையில் எந்த மனநிலையோடு வீடு திரும்புகிறார் என்பவற்றை எந்த அளவுப் புத்தகத்திலும் எழுதுவதில்லை. இன்று அதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறோம்.

ஒன்றியமும் ஆசிரியரும்

ஆசிரியர்க்கும் ஊராட்சி ஒன்றியத்துக்கும் உள்ள உறவு பழையது. 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டப்படி 1960-61இல் ஒன்றியங்கள் அமைந்தபோது, அதுவரை ஜில்லா போர்டு நடத்திய தொடக்கப் பள்ளிகள் ஒன்றியங்களின் பொறுப்பில் வந்தன. அந்நாளில் இப்பகுதி இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தது. ஆசிரியரின் சம்பளம், விடுப்பு, மாறுதல் யாவும் ஒன்றியத்தின் கையில் இருந்தன. உள்ளூர்ச் செல்வாக்குக்கு அஞ்சாமல் பணிபுரிய வழி வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்டனர். 1981 ஜூன் முதல் நாளன்று ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆயினர்.

இம்மாறுதல் நன்மையே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் விளைவாக ஊராரிடையே ஓர் எண்ணம் படிந்துவிட்டது. "வாத்தியார் சர்க்கார் ஆள், அவர் குறையைச் சர்க்கார் பார்த்துக்கொள்ளும்" என்பதே அது. சம்பளம் அரசினுடையதுதான். ஆனால் அவர் நிற்கும் கட்டடம் ஒன்றியத்தினுடையது. குடிக்கும் நீர் ஊராட்சியினுடையது. எதிரே அமர்ந்திருப்பவர்கள் நம் பிள்ளைகள். அவ்வாறிருக்க, அவருடைய வேலைச் சூழலில் நமக்குப் பங்கில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஊதியம், ஓய்வூதியம் பற்றிய கோரிக்கைகள் சிறியன அல்ல. 1955ஆம் ஆண்டிலேயே ஓய்வூதியம், சேமநிதி, ஆயுள் காப்பீடு என்னும் மூன்றையும் இணைத்த மும்மைப் பயன் திட்டத்தை ஆசிரியர்களுக்கு வழங்கிய மாநிலம் நம்முடையது. 2003 ஏப்ரலுக்குப் பின் பணியேற்றவர்கள் பழைய ஓய்வூதியத்தைக் கேட்டதையும், 2009 ஜூனுக்குப் பின் நியமனம் பெற்ற இடைநிலை ஆசிரியர்கள் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடியதையும் நாடறியும். அவை தலைநகரில் முடிவாக வேண்டியவை. இவ்வூரிலேயே நம் கையால் தீரக்கூடிய குறைகளையே இங்குக் கருதுவோம்.

ஒரு சிறு கணக்கு

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை விதிக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் கற்பிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அதாவது நாளொன்றுக்கு நான்கு மணி நேரம். தேவதானம், முகவூர் முதல் மல்லி, படிக்காசுவைத்தான்பட்டி வரை இரண்டு ஒன்றியங்களிலும் உள்ள சிற்றூர்களை நினைத்துக்கொள்ளுங்கள். சிற்றூர்ப் பள்ளியில் பிள்ளைகள் குறைவு. ஆனால் வகுப்புகள் ஐந்து.

இரண்டு ஆசிரியர்களின் நேரத்தையும் கூட்டினால் 480 நிமிடம். வகுப்புகளைத் தனித்தனியே கவனித்தால் ஒவ்வொன்றுக்கும் 96 நிமிடமே கிடைக்கும். ஆசிரியர் ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ மருத்துவ விடுப்பிலோ சென்றால் அது 48 நிமிடமாகிறது. மீதி நேரம் பிள்ளை தானே எழுதிக்கொண்டிருக்க வேண்டும். வகுப்புகளை இணைத்துக் கற்பிக்கும் முறைகள் உள்ளன. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் குழந்தைகளை அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்க வழி செய்தது. எம்முறையானாலும் அதை நடத்துபவர் ஆசிரியரே. அவருடைய நிமிடங்களே பள்ளியின் மூலதனம்.

ஆகவே, பள்ளி நேரத்தில் ஆசிரியரை வேறு வேலைக்கு இழுப்பது குழந்தையின் பங்கிலிருந்து எடுப்பதாகும். மக்கள் தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர, கல்வி சாராத பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தலாகாது என்று அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு விதிக்கிறது. இதற்கு மேல் வருகைப் பதிவு, மாணவர் விவரம், நலத்திட்டப் பொருள்களின் கணக்கு எனக் கைப்பேசியில் ஏற்ற வேண்டியவையும் பல. மலையடிவாரத்தில் சமிக்ஞை கிடைக்காமல் வாசலுக்கும் வேப்பமரத்துக்குமாக அலையும் ஆசிரியரைப் பார்க்கிறோம். ஊரில் கூட்டம் கூட்டவும், பட்டியல் எழுதவும், மனு எழுதவும் "சாரைக் கூப்பிடு" என்று ஆள் அனுப்பும் வழக்கத்தை நாம் விட வேண்டும். மாலை நான்கரைக்குப் பின் அவர் விரும்பி வந்தால் அது அவருடைய பெருந்தன்மை.

கண்ணுக்குத் தெரியாத இடர்கள்

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் பெண்கள் மிகுதி. மேற்கு மலையடிவாரத்தில் ஒரு பள்ளியை அண்மையில் பார்வையிட்டோம். பதிவேட்டில் கழிப்பறை "உள்ளது" என்றிருந்தது. கட்டடம் இருந்தது; கதவும் இருந்தது; தண்ணீர் மட்டும் இல்லை. காலைப் பேருந்தில் வரும் ஆசிரியை மாலைப் பேருந்து ஏறும்வரை தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டிருந்தார். மேல்நிலைத் தொட்டியோ பள்ளிக்கு எதிர்ப்புறத்திலேயே நின்றது. இதை அறிந்த அவ்வூர் மகளிர் குழுவினர் ஊராட்சியில் எடுத்துச் சொன்னார்கள். ஒரு வாரத்தில் குழாய் இணைப்பு வந்தது. அதற்கு ஆன செலவு மிகச் சொற்பம். ஆனால் யாரும் கேளாதவரை அது எந்தத் திட்டத்திலும் இடம்பெறவில்லை.

இராஜபாளையம் நூற்பாலைகள் நிறைந்த ஊர். பெற்றோர் முறை வேலைக்குச் செல்லும் வீடுகளில் பிள்ளையை எழுப்பி அனுப்ப ஆளிருப்பதில்லை. செண்பகத்தோப்பு போன்ற பளியர் குடியிருப்புகளில் பெற்றோர் தேனுக்கும் பிற வனப்பொருளுக்கும் காடேகும் நாட்களில் பிள்ளைகளின் வருகை குறையும். இவர்களையெல்லாம் வீடு தேடி அழைத்து வருவதும் ஆசிரியருக்கே வேலையாகிறது. இதில் ஊரார் துணை நின்றால் அவர் பாரம் பாதி குறையும்.

நமக்கு முன்னோர் காட்டிய வழி

இது புதிய உபதேசமன்று. விருதுநகர் தந்த காமராசர் முதலமைச்சராகவும், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் விளங்கிய காலத்தில், 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பெஞ்சு, கரும்பலகை, சீருடை, நிலம், கட்டடம் என மக்கள் மனமுவந்து அளித்தனர். 1956இல் தொடங்கிய மதிய உணவும் ஊரார் பங்கோடு நடந்ததே. பிறகு 1982இன் சத்துணவுத் திட்டம் அமைப்பாளர், சமையலர் என்று தனி ஊழியரை அமர்த்தியது. 2022இல் தொடங்கி 2023இல் விரிவான காலை உணவுத் திட்டத்தில் சமையல் மகளிர் குழுவினர் கைக்கு வந்தது. ஆசிரியரின் சுமையைப் பிறர் ஏற்றால் பள்ளி தழைக்கும் என்பதற்கு இவை சான்று. இராஜபாளையத்தில் தம் இல்லத்தையே காந்தி கலைமன்றத்துக்கு ஈந்த முன்னாள் முதலமைச்சர் பூ. ச. குமாரசாமி ராஜாவின் ஊரில் ஈகையைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை.

செய்யத் தக்கவை

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே இக்குழு உங்களுடையது. இவ்வாண்டு நான்கு செயல்களை மேற்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

முதலாவது, ஐப்பசி மழைக்கு முன் கூரை, மின்கம்பி, சுற்றுச்சுவர் மூன்றையும் நேரில் பார்த்து, குறையை எழுத்தில் ஒன்றியத்துக்குத் தெரிவியுங்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் மாண்டதை மறக்கலாகாது. இரண்டாவது, ஆசிரியைகளுக்குத் தண்ணீரோடும் தாழ்ப்பாளோடும் கூடிய கழிப்பறை உண்டா என்று குழுவின் பெண் உறுப்பினர்களே பார்த்துச் சொல்லுங்கள். மூன்றாவது, ஆசிரியர் ஒருவர் விடுப்பிலிருக்கும் நாளில், படித்த இளைஞரோ ஓய்வு பெற்றவரோ தலைமையாசிரியரின் அனுமதியோடு வந்து பிள்ளைகளோடு அமர ஏற்பாடு செய்யுங்கள். நான்காவது, ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் சாலைக்கும் விளக்குக்கும் முன்னதாகப் பள்ளியின் நிலையைப் பேசுங்கள்.

சிற்றூர்ப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் குறைவார். ஆசிரியர் குறைந்தால் மேலும் பிள்ளைகள் வெளியேறுவர். இறுதியில் பள்ளியே மூடப்படும். மூடிய பள்ளியைத் திறப்பது அரிது. நடக்கும் பள்ளியில் ஆசிரியர் மனநிறைவோடு நிற்கச் செய்வது எளிது. அவ்வெளிய காரியத்தை இன்றே தொடங்குவோமாக. ஒன்றிய அலுவலகத்தின் கதவு இதற்கென எந்நாளும் திறந்திருக்கும்.