தனியார் என்றால் யார்?

(கொட்டிவாக்கத்தில் வியாபாரிகளும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'தாய்சேய் நலத்தில் தனியார் பங்களிப்பு' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தனியார் என்றதும் கண்ணாடிக் கதவு போட்ட ஆஸ்பத்திரிதான் உங்கள் கண்முன் வரும். அதைப்பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு உங்களிடம் வருகிறேன்.

இங்கிருந்து தரமணி எவ்வளவு தூரம்? அங்கே டாக்டர் கே.எஸ்.சஞ்சீவி 1958இல் தொடங்கிய வி.எச்.எஸ். இருக்கிறது. நோய் வந்தபின் பணம் தேடி அலையாமல், நன்றாக இருக்கும்போதே வருமானத்துக்குத் தக்கபடி குடும்பம் சந்தா கட்டட்டும் என்றார் அவர். புனித தோமையார்மலை ஒன்றியக் கிராமங்களில் சிறு சுகாதார நிலையங்களை வி.எச்.எஸ். நடத்தியது. அந்தத் திட்டத்தில் செலவு மூன்று பங்கு: மத்திய அரசுக்கு ஒன்று, மாநில அரசுக்கு ஒன்று, தொண்டு நிறுவனத்துக்கு ஒன்று. கூட்டு என்றால் இது கூட்டு! கொட்டிவாக்கமே 2011 வரை மாநகராட்சிக்கு வெளியே ஊராட்சியாகத்தானே இருந்தது?

குஜராத்தில் வேறு வழி பார்த்தார்கள். 2005இல் சிரஞ்சீவி திட்டம். ஏழைப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கும் தனியார் டாக்டருக்கு 100 பிரசவத்துக்கு இவ்வளவு என்று அரசு ஒரே தொகை கொடுத்தது. சுகப்பிரசவமோ, சிசேரியனோ, தொகை மாறாது. வீணாகக் கத்தி வைக்க மாட்டார்கள் என்பது கணக்கு. நல்ல கணக்குத்தான். பாராட்டும் விருதும் கிடைத்தன. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2014இல் வந்த ஆய்வு என்ன சொன்னது? ஆஸ்பத்திரிப் பிரசவமும் குறிப்பிடும்படி கூடவில்லை, குடும்பத்தின் கைச்செலவும் குறையவில்லை!

நம் மாநிலத்தில் ஆஸ்பத்திரிக்கு வராத பிரசவம் அநேகமாக இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 100க்கு 99க்கு மேல் ஆஸ்பத்திரியில்தான். ஆனால் அதே ஆய்வில் சிசேரியன், அரசு மருத்துவமனையில் 100க்கு 36, தனியாரில் 64. உயிர் காக்கும் சிசேரியனை நான் குறை சொல்லவில்லை. இந்த வித்தியாசம் ஏன் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ரத்தசோகை என்கிறது அதே ஆய்வு. அதை ஆபரேஷன் தியேட்டரில் சரிசெய்ய முடியாது. முதல் மாதங்களிலேயே பிடிக்க வேண்டும்.

இப்போது உங்களிடம் வருகிறேன். தி.நகரிலும் மயிலாப்பூரிலும் கடை வைத்திருப்பவர்களே! தனியார் என்றால் நீங்கள்தான்! காலை பத்து மணியிலிருந்து இரவு ஒன்பது வரை உங்கள் கவுன்டரில் ஒரு பெண் நிற்கிறாள். அவள் கர்ப்பிணியா என்று உங்களுக்குத் தெரியுமா? சொன்னால் வேலை போய்விடும் என்று மறைக்கிறாள். மறைப்பதால் பரிசோதனைக்கும் போவதில்லை. விற்பனைப் பெண்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு சட்டமே போட்டது. "உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள் பாய்" என்றார் ஒரு நண்பர். கல்லாவில் உட்கார்ந்திருந்துதான் அவர் இதைச் சொன்னார்!

10 பேர் வேலை செய்யும் கடையில், முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. இது 2017இல் வந்த உரிமை. 'அவ்வளவு சம்பளத்துக்கு எங்கே போவேன்?' என்கிறீர்கள். இ.எஸ்.ஐ.யில் பதிவு செய்து சந்தாவை ஒழுங்காகக் கட்டியிருந்தால் அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. கழகமே கொடுக்கிறது. நீங்கள் கட்டுவது சம்பளத்தில் 100க்கு 3 ரூபாய் 25 காசு. அவள் பங்கு 75 காசு. இந்தச் சிறு தொகையை மிச்சம் பிடிக்கப் பதிவேட்டில் ஆட்களைக் குறைத்துக் காட்டுகிறோமே, அது எவ்வளவு பெரிய அநியாயம்!

இளைஞர்களே! உங்கள் தெருவில் கர்ப்பமான பெண் 12 வாரத்துக்குள் பதிவு செய்து பிக்மி எண் வாங்கினாளா என்று உங்கள் வீட்டுத் தாய்மார்களை விட்டு விசாரியுங்கள். ஏழைத் தாய்க்கு முத்துலட்சுமி ரெட்டி திட்ட உதவி அந்த எண்ணில்தான் நிற்கிறது. 2016இலிருந்து மாதந்தோறும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது. தனியார் டாக்டர்களும் வந்து உதவலாம் என்று அரசு கேட்டிருக்கிறது. நம் சமுதாய டாக்டர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கடைக்காரர்கள் வருகிற 9ஆம் தேதி கர்ப்பிணிப் பெண்களுக்குச் சம்பளம் பிடிக்காமல் அரைநாள் கொடுங்கள். எத்தனை பேரை அனுப்பினீர்கள் என்று 10ஆம் தேதி கிளைப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.